பழைய சரக்கு வேகனுக்கு என்ன நிறம்? டெல்லியில் தேடும் முறை

இன்ஜினுக்கு வரலாறு எழுத ஆள் உண்டு, வேகனுக்குக் கிடையாது. ஹியூ ஹ்யூஸ் 1990-களில் இந்திய ரயில் இன்ஜின்களைப் பற்றி நான்கு பாகங்களாக எழுதிய நூலைப் புரட்டினால், எந்த இன்ஜின் எந்த ஆண்டில் எந்தக் கம்பெனியில் உருவானது என்று வரிசையாகக் கிடைத்துவிடும். சரக்கு வேகனுக்கு அந்த மாதிரி ஒரு நூலை நான் கண்டதில்லை. அதனால்தான், இன்ஜினின் பச்சைக்கும் கறுப்புக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிற ரயில் மாடல்காரர்கள்கூட, பின்னால் கோக்கும் முப்பது வேகன்களுக்கும் ஒரே டப்பா காவியை அடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். பார்த்தவுடன் பொம்மை என்று காட்டிக்கொடுப்பது அந்த ஒரே காவிதான்.

“வேகனுக்கு எந்தக் காவி சார்?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எந்த வருஷத்து வேகன், யாருடைய வேகன், பட்டறையில் பெயின்ட் அடித்து எத்தனை காலம் ஆகிறது? மூன்றுக்கும் விடை தெரிந்தால் நிறத்தில் பாதி வேலை முடிந்துவிடும். தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கொடுப்பதுதான் உங்கள் வரலாறு.

டெல்லியை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்

1930-களில் டெல்லி யார்டில் நின்றிருந்தால், ஈஸ்ட் இண்டியன், நார்த் வெஸ்டர்ன், கிரேட் இண்டியன் பெனின்சுலா, பாம்பே பரோடா சென்ட்ரல் இண்டியா என்று நான்கு பெரிய ரயில்வேக்களின் வண்டிகளை ஒரே பகலில் பார்த்திருக்கலாம். ஈஸ்ட் இண்டியன் ரயில்வே 1860-களிலேயே யமுனை மேல் இரும்புப் பாலம் போட்டு ஊருக்குள் வந்துவிட்டது. மீட்டர் கேஜ் பாதை ரேவாரியிலிருந்து 1873-இல் வந்தது. ஆக்ராவிலிருந்து கார்ட் லைன் 1904-இல். இவை போதாதென்று, அகலப்பாதை வேகன்களைப் பொதுவில் வைத்துச் சுழற்றும் ‘பூல்’ முறை இருந்ததால், சென்னைப் பக்கத்து மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனி வேகன் டெல்லிக்கு வருவதும், நார்த் வெஸ்டர்ன் வேகன் பேசின் பிரிட்ஜில் நிற்பதும் அன்றாடம் நடந்தவை. உங்கள் டெல்லி யார்டு மாடலில் எல்லா வேகன்களும் ஒரே ரயில்வேயுடையதாக இருந்தால், அது வரலாற்றுப்படி தவறு.

மீட்டர் கேஜில் கதை வேறு. வடக்கத்திய மீட்டர் கேஜும் தெற்கத்திய மீட்டர் கேஜும் நெடுங்காலம் ஒட்டாமல் இருந்தன. கண்ட்வா–ஹிங்கோலி இணைப்பு 1960 வாக்கில் முடிந்த பிறகுதான் தொடர்ச்சியான பாதை கிடைத்தது. ஆகவே 1950-இன் டெல்லி சராய் ரோஹில்லாவில் திருச்சிப் பக்கத்து மீட்டர் கேஜ் வேகனை நிறுத்தாதீர்கள். 1970 என்றால் தாராளமாக நிறுத்தலாம்.

இந்தத் தேடலுக்கு வேண்டிய அலுவலகங்களும் நூலகங்களும் டெல்லியில்தான் இருக்கின்றன. சாணக்யபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம், ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம், பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் தரநிர்ணய அலுவலகமான மானக் பவன், ரைசினா சாலையில் ரயில் பவன். மெட்ரோவில் ஏறினால் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்.

முதலில் எழுத்தைப் படியுங்கள்

வேகனின் பக்கவாட்டில் நிறத்தைவிட நேர்மையானது எழுத்து. பெயின்ட் வெளிறும், மாறும். ஆனால் ஒரு ரயில்வே பிறப்பதற்கு முன்பே அதன் பெயரை வேகனில் யாரும் எழுதியிருக்க முடியாது.

ரயில்வே மண்டலங்கள் பிறந்த தேதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பாதிப் புகைப்படங்களுக்குக் காலம் குறித்துவிடலாம். தென்னக ரயில்வே 14 ஏப்ரல் 1951. மத்திய, மேற்கு ரயில்வேக்கள் அதே ஆண்டு நவம்பர் 5. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ரயில்வேக்கள் 14 ஏப்ரல் 1952. தென்கிழக்கு 1955, வடகிழக்கு எல்லை 1958, தென்மத்திய ரயில்வே 2 அக்டோபர் 1966. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றமில்லை. 2002 அக்டோபரிலும் 2003 ஏப்ரலிலும் புதிய மண்டலங்கள் வந்தன. ‘1960-இல் எடுத்தது’ என்று யாரோ குறிப்பெழுதிய படத்தில் தென்மத்திய ரயில்வேயின் முதலெழுத்துகள் தெரிந்தால், குறிப்பு தவறு, படம் சரி.

டெல்லிக்காரர்களுக்கு மட்டும் ஒரு விசேஷ இடைவெளி உண்டு. 1947 பிரிவினையில் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே இரண்டானது. இந்தியப் பக்கத்துத் துண்டு ‘ஈஸ்டர்ன் பஞ்சாப் ரயில்வே’ என்ற பெயரில் 1952 வரை நடந்தது. ஐந்தே ஆண்டு ஆயுள். 1949-இன் டெல்லியை மாடலாகச் செய்கிறவர் வடக்கு ரயில்வே என்று எழுதினால் அவசரப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். பழைய கம்பெனிப் பெயரை உடனே அழித்திருப்பார்களா என்பது தனிக் கேள்வி. வேகன் அடுத்த முறை பட்டறைக்குப் போகும்வரை பழைய எழுத்தோடுதான் ஓடியிருக்கும். எனவே மாறுதல் காலத்து யார்டில் இரண்டு வகை எழுத்தும் கலந்து நிற்பதே இயல்பு. சில மாடல்காரர்களுக்கு இந்தக் கலப்பு பிடிப்பதில்லை, ஒழுங்காக இல்லை என்பார்கள். எனக்கு இந்த ஆண்டுகள்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பிடிக்கும்.

அடுத்தது எடை. வேகனின் வெற்றெடையை டன், ஹண்ட்ரட்வெயிட் கணக்கில் எழுதியிருந்தால் அது மெட்ரிக் முறைக்கு முந்தைய எழுத்து. எடை அளவுச் சட்டம் 1956-இல் வந்தது, 1960-களின் தொடக்கத்தில் மெட்ரிக் கட்டாயமானது. தேவநாகரி முதலெழுத்துகள் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தையது. வடக்கு ரயில்வேக்கு ‘உ ரே’, தென்னக ரயில்வேக்கு ‘த ரே’ என்று உத்தர், தட்சிண் ஆகியவற்றின் முதலெழுத்துகள் இந்தியில் இருக்கும்.

இன்றைய வேகன் எண்ணில் 11 இலக்கங்கள். இந்த முறை 2000-களின் தொடக்கத்தில் வந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் வேகன் வகை: 10 முதல் 29 வரை திறந்த வேகன், 30 முதல் 39 வரை மூடிய வேகன், 40 முதல் 54 வரை டேங்கர். அடுத்த இரண்டு, உரிமையாளர் ரயில்வே: 01 மத்திய, 02 கிழக்கு, 03 வடக்கு, 06 தெற்கு. அதற்கடுத்த இரண்டு தயாரிப்பு ஆண்டு. பின்னர் நான்கு இலக்கத் தனி எண். கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். மாடலுக்கு எண் எழுதும்போது இந்தக் கடைசி இலக்கத்தை வாய்க்கு வந்தபடி போடாதீர்கள். கணக்கு எளிது. இடமிருந்து இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டலை அதோடு சேருங்கள். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் சரிபார்ப்பு இலக்கம். உதாரணமாக 31 03 08 0123 என்ற மூடிய வேகன், வடக்கு ரயில்வே, 2008-இல் தயாரானது. இரட்டை இடங்கள் 1, 3, 8, 1, 3. கூட்டினால் 16, மூன்று மடங்கு 48. ஒற்றை இடங்கள் 3, 0, 0, 0, 2. கூட்டினால் 5. மொத்தம் 53. அறுபதுக்கு 7 குறைகிறது. எண் 31030801237. பழைய புகைப்படத்தில் ஓர் இலக்கம் மங்கிப் போயிருந்தால், இதே கணக்கைத் திருப்பிப் போட்டு அதை மீட்கலாம்.

கெடு தேதி

எழுத்துகளில் நீங்கள் தவறாமல் தேட வேண்டியது பி.ஓ.எச். (பீரியாடிக் ஓவர்ஹால்) பெட்டி. பட்டறையில் முழு ஓவர்ஹால் முடிந்ததும், எந்தப் பட்டறை, எந்தத் தேதி, அடுத்து எப்போது திரும்பி வர வேண்டும் என்று ஸ்டென்சிலில் வெள்ளையாக அடிப்பார்கள். திரும்ப வேண்டிய நாளை ‘ரிட்டர்ன் டேட்’ என்பார்கள். ஜகாத்ரி, ஜான்சி, கோட்டா, பொன்மலை என்று பட்டறையின் குறியெழுத்துகள் பக்கத்தில் இருக்கும்.

பாக்ஸ்-என் என்ற திறந்த வேகன் போன்ற ஏர் பிரேக் வேகன்களுக்கு, புதிதாக வந்தபின் முதல் பி.ஓ.எச். 6 ஆண்டில், அதன்பின் நாலரை ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கமான கணக்கு. நடுவில் டிப்போவில் நடக்கும் சிறு ஓவர்ஹாலில் எழுத்தைப் புதுப்பிப்பார்கள், முழு உடம்புக்கும் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். அதனால்தான் வெளிறிப்போன காவியில், புதுக் காவியில் ஒரு சதுரமும் அதன்மேல் பளிச்சென்ற வெள்ளை எழுத்துமாகப் பல வேகன்கள் திரிகின்றன. இந்தச் சதுரத்தை மாடலில் கொண்டுவந்தால் ரயில்வேக்காரர்கள் உடனே சிரிப்பார்கள், அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு.

இதிலிருந்து முப்பது வேகன் கோத்த ஒரு ரேக்குக்கு ஒரு நடைமுறைக் கணக்கு கிடைக்கிறது. நாலரை ஆண்டு என்பது 54 மாதம். வேகன்கள் வெவ்வேறு நாட்களில் பட்டறைக்குப் போய் வந்தவை என்று கொண்டால், ஒன்பது மாதத்துக்கு ஒரு குழுவாக ஆறு குழு, குழுவுக்கு ஐந்து வேகன். முதல் ஐந்துக்கும் பட்டறைக் காவி அப்படியே. கடைசி ஐந்தும் கெடு நெருங்கியவை: வெளிறி, கீறி, துரு கசிந்து நிற்கும். நடுவில் இருபது வேகன்கள் படிப்படியாக. ஒரே பெயின்ட் டப்பாவிலிருந்து ஆறு கிண்ணம் கலந்தால் போதும்.

காவி எப்படி வயதாகிறது

சரக்கு வேகனுக்குக் காவி வந்ததற்கு அழகு காரணமில்லை. இரும்பு ஆக்சைடு நிறமி மலிவு, வெயிலைத் தாங்கும், ஆளிவிதை எண்ணெயில் குழைத்து அடித்தால் துருவைத் தள்ளிப்போடும். பின்னாளில் செந்நிற ஆக்சைடு–துத்தநாக குரோம் ப்ரைமருக்கு ஐ.எஸ். 2074, மேல்பூச்சு எனாமலுக்கு ஐ.எஸ். 2932 என்று தரநிர்ணயங்கள் வந்தன. ப்ரைமரும் காவி, மேல்பூச்சும் காவி என்றால், மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் வேறொரு காவி எட்டிப்பார்க்கும். மாடலில் இதைக் காட்டுகிறவர்கள் அபூர்வம்.

வெயிலில் எனாமலின் பிசின் சிதைந்து, நிறமி தூளாக மேலே நிற்கும். விரலால் தடவினால் விரல் காவியாகும். அப்போது நிறம் ஆரஞ்சுப் பக்கம் வெளிறுவதும் உண்டு, இளஞ்சிவப்பாகச் சாம்பல் பூப்பதும் உண்டு. மழைக்காலத்தில் அதே வேகன் நனைந்து நின்றால் சாக்லேட் நிறம். ஆகவே ஜூலையில் எடுத்த படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து, “பெயின்ட் திட்டம் மாறிவிட்டது” என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஏற்றிய சரக்கும் நிறம் மாற்றும். பதர்பூர் அனல் மின் நிலையத்துக்குப் போன நிலக்கரி வேகன்களில் உள்பக்கம் கறுப்பு, மேல் விளிம்பிலிருந்து கறுப்புக் கோடுகள் வழிந்திருக்கும். அந்த நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. அதற்குப் பிந்தைய டெல்லியைச் செய்கிறவர்கள் பதர்பூர் ரேக்கைப் போடக்கூடாது. ஷகூர்பஸ்தி சிமென்ட் சைடிங்கில் நிற்கும் மூடிய வேகன்களின் கதவோரத்தில் சாம்பல் தூள் படிந்து, மழை பட்ட இடத்தில் இறுகியிருக்கும். பாக்ஸ்-என் வகையின் பிந்தைய வடிவங்கள் சிலவற்றில் உடல் துருப்பிடிக்காத எஃகு. அவை அழுக்காகும் விதமே வேறு, செந்துரு வழிவது குறைவு. எனவே வேகன் எந்த உலோகம் என்று தெரியாமல் துருப்பொடியைக் கையில் எடுக்காதீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தை நம்பும் முன்

1950-க்கு முந்தைய சான்றுகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்கள். இங்கே இரண்டு பொறிகள்.

பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. காவி அதில் கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளுப்பாக விழும். எனவே 1910-இன் படத்தில் கறுப்பாகத் தெரியும் வேகன் உண்மையில் காவியாக இருந்திருக்கலாம். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாக வாங்கும் பேன்குரோமேட்டிக் ஃபிலிம் 1920-கள், 30-களில்தான் பரவியது. படத்தில் தெரிந்த நிறமுள்ள வேறு பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலான பகலில் வானம் வெள்ளைத்தாளாக இருந்து, போர்ட்டரின் சிவப்புச் சட்டை கறுத்திருந்தால் அது ஆர்த்தோ ஃபிலிமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது பொறி இன்னும் நயமானது. க்ளாஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற பிரிட்டிஷ் வேகன் கம்பெனிகள் இந்தியாவுக்கு வேகன் அனுப்புமுன் தொழிற்சாலை வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும். படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக, அந்தப் படத்துக்காக மட்டும் வேகனுக்கு மங்கிய சாம்பல் பூச்சு அடித்து வெள்ளையில் எழுதும் வழக்கம் இருந்தது. எழுத்தின் அளவுக்கும் இடத்துக்கும் ரிவெட் எண்ணிக்கைக்கும் இந்தப் படங்களைவிட நல்ல சான்று கிடையாது. நிறத்துக்கு இவை சாட்சியே அல்ல. ‘இந்த ரயில்வே சாம்பல் நிறம் அடித்தது’ என்று எங்காவது படித்தால், அதன் மூலம் தொழிற்சாலைப் படமா என்று முதலில் கேளுங்கள்.

வண்ணப் படங்களில் கோடாகுரோம் ஸ்லைடு நிறத்தை நீண்ட நாள் காப்பாற்றும். பழைய கலர் பிரிண்டுகள் சிவந்துபோகும். சினிமாவையும் பார்க்கலாம். ‘தி பர்னிங் ட்ரெயின்’ (1980) போன்ற படங்களில் பின்னணியில் யார்டுகள் வரும். ஆனால் திரைப்படப் பிரதியின் நிறத்தைக் கொண்டு பெயின்ட் கலக்காதீர்கள். எந்த வகை வேகன் எந்த ஆண்டில் ஓடியது என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

சாணக்யபுரியில் ஒரு பகல்

தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977 பிப்ரவரி 1-இல் திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை. கூட்டம் பாட்டியாலா மோனோ ரயிலையும் மகாராஜா சலூன்களையும் சுற்றி நிற்கும். உங்களுக்கு வசதிதான், சரக்கு வண்டிகள் பக்கம் ஆள் குறைவு.

திறந்தவெளியில் நிற்கும் வண்டிகளுக்கு அவ்வப்போது பெயின்ட் அடித்துத்தான் ஆக வேண்டும், இல்லையேல் துரு தின்றுவிடும். எனவே இப்போது தெரியும் நிறம் பாதுகாப்புப் பூச்சு. 1920-இன் நிறம் என்று அதைக் குறித்துக்கொள்ளாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியவை வேறு. வண்டியின் அடிச்சட்டமான சோல்பாருக்குக் கிட்டே குனியுங்கள். வார்ப்பிரும்புத் தகட்டில் செய்தவர் பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும். பல பூச்சுகள் படிந்து எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழலில் எழுத்து எழுந்து வரும். அதே சாய்ந்த வெளிச்சத்தைப் பலகையின் மேல் ஓட்டினால், புதுப் பூச்சுக்குக் கீழே பழைய எழுத்தின் மேடு சில சமயம் தென்படும். பிரஷ் எட்டாத இடங்களைத் தேடுங்கள்: கதவுக் கொக்கியின் உள்பக்கம், லேபிள் கிளிப்பின் பின்புறம், பிரேக் லீவரின் அடியில். பழைய பூச்சு எஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்கும். பாருங்கள், படம் எடுங்கள், சுரண்டாதீர்கள். அடுக்கடுக்காகத் தேய்த்துப் பூச்சு வரலாற்றைப் படிப்பது பாதுகாப்பு நிபுணரின் வேலை, அதற்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

படம் எடுக்கும்போது ஒரு மூலையில் வெள்ளைத்தாளோ சாம்பல் அட்டையோ வையுங்கள். டெல்லியின் நவம்பர், டிசம்பர் புகைமூட்டம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கும், அட்டை இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

காகிதங்கள்

தேசிய ஆவணக் காப்பகம் 1891-இல் கல்கத்தாவில் இம்பீரியல் ரெக்கார்ட் டிபார்ட்மென்ட் என்று தொடங்கி, தலைநகரத்தோடு டெல்லிக்கு வந்தது. ஜன்பத் கட்டடம் 1926. அடையாள அட்டை காட்டி வாசகராகப் பதிவு செய்துகொள்ளலாம். ‘அபிலேக் படல்’ தளத்தில் அட்டவணைகளைத் தேடிவிட்டுப் போவது நல்லது. ரயில்வே போர்டு 1905-இல்தான் உருவானது. அதற்கு முந்தைய தாள்களைப் பொதுப்பணித்துறையின் ரயில்வே பிரிவில் தேட வேண்டும்.

அட்டவணையில் ‘பெயின்ட்’ என்று தேடி ஏமாறாதீர்கள். குமாஸ்தாக்கள் நிறத்துக்கென்று கோப்பு திறப்பது அரிது, பணத்துக்குத் திறப்பார்கள். ‘ஸ்டோர்ஸ்’, ‘ரோலிங் ஸ்டாக்’, ‘வேகன் மார்க்கிங்’, ‘வேகன் பூல்’ என்ற தலைப்புகளைப் புரட்டுங்கள். கம்பெனி விட்டுக் கம்பெனி வேகன் போகும்போது யார் பழுது பார்ப்பது, வாடகை யாருக்கு என்ற சண்டைகளைத் தீர்க்கவே வேகனில் என்னென்ன எழுத வேண்டும் என்ற விதிகள் வந்தன. இண்டியன் ரயில்வே கான்ஃபரன்ஸ் அசோசியேஷன் வெளியிட்ட விதிநூல்களில் மூன்றாம் பாகம் சரக்கு வேகன்களுக்கானது. பழைய பதிப்பு எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். தரியாகஞ்ச் பழைய புத்தகச் சந்தை இப்போது டெல்லி கேட் எதிரே மகிளா ஹாட்டில் ஞாயிறுதோறும் நடக்கிறது. அங்கே தேடிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

நிறத்துக்கு மானக் பவன். ஐ.எஸ். 5 என்பது பெயின்ட் நிறங்களுக்கான இந்தியத் தரநிர்ணயம், அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் உண்டு. ரெட் ஆக்சைடு 446, பக்கத்திலேயே வெனிஷியன் ரெட் 445. இரண்டையும் அட்டையில் நேரில் பாருங்கள், கம்ப்யூட்டர் திரையில் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். இந்தியத் தர நிறுவனம் தொடங்கியதே 1947-இல்தான். அதற்கு முந்தைய வேகனுக்கு இந்த எண்ணைச் சான்றாகக் காட்ட முடியாது. அந்தக் காலத்துக்கு ஒப்பிட வேண்டுமானால் 1930-களில் வந்த பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 381-தான் கிட்டத்தில் உள்ளது.

மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, சவுத் இண்டியன் கம்பெனி வேகன்கள் வேண்டுமென்றால் டெல்லியோடு நிற்காமல் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் ஒரு கை பாருங்கள்.

ஓடும் வேகன்கள்

யார்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேண்டிய அவசியமும் இல்லை. சரக்கு வண்டிகளை ஊரின் நடுவில் நிறுத்தாமல் சுற்றி அனுப்புவதற்காக 1975-இல் போட்ட ரிங் ரயில்வே இன்றும் அந்த வேலையைச் செய்கிறது. டிக்கெட் எடுத்துக்கொண்டு சஃப்தர்ஜங் அல்லது லோதி காலனி பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்தால் வேகன்கள் உங்களைத் தேடி வரும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் துக்ளகாபாத் நெருங்கும்போது தூங்காதீர்கள், யார்டு ஜன்னலோரமாகவே போகும்.

வண்டி நகரும்போது முழு வேகனைப் படம் எடுக்க முயல்வதைவிட, பி.ஓ.எச். பெட்டியை மட்டும் குறிவையுங்கள். பெட்டியும் அதைச் சுற்றி ஒரு கை அகலப் பலகையும் விழுந்தால் போதும். தேதியும் அந்தத் தேதியின் காவியும் ஒரே படத்தில் கிடைத்துவிடும். இப்படி ஒரு குளிர்காலம் சேர்த்தால், பட்டறையிலிருந்து வந்து ஆறு மாதம், இரண்டு வருஷம், நான்கு வருஷம் ஆன காவிகள் தேதியோடு வரிசையாக உங்களிடம் இருக்கும். எந்தப் பெயின்ட் கம்பெனி அட்டையிலும் அது கிடைக்காது. பழைய வேகனுக்கும் அந்த வரிசையே வழிகாட்டி. பூச்சின் ரசாயனம் மாறியிருந்தாலும், இரும்பு ஆக்சைடு நிறமி வெயிலில் வெளிறும் போக்கு பெரிதாக மாறவில்லை.

பெயின்டும் எழுத்தும்

எச்.ஓ. அளவில், அதாவது 1:87-இல், 10,713 மி.மீ. நீளமுள்ள பாக்ஸ்-என் வேகன் சுமார் 123 மி.மீ. ஆகும். வேகனில் 100 மி.மீ. உயரமுள்ள எழுத்து மாடலில் ஒரு மி.மீட்டரைச் சற்றே தாண்டும். இதைக் கையால் எழுத நினைப்பவர்களுக்கு என் வாழ்த்துகள். சாதாரண பிரிண்டர்கள் வெள்ளை மை அடிப்பதில்லை. எனவே ஸ்டிக்கர் ஃபிலிமில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் வழி. கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்போன சாவ்ரி பஜாரில் அந்தக் கலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முப்பது வேகன் எழுத்தையும் ஒரே தாளில் அடுக்கிக்கொண்டு போங்கள், ஒரு ஸ்க்ரீனில் முடிந்துவிடும்.

பெயின்டுக்கு டாமியா எக்ஸ்.எஃப்.-9 நல்ல தொடக்கம், பட்டறைக் காவிக்கு அருகில் வரும். எனாமல்தான் வேண்டும் என்பவர்கள் காஷ்மீரி கேட் மோட்டார் சந்தையில் வண்டிப் பெயின்ட் கலக்கும் கடைக்கு ஐ.எஸ். 5-இன் 446-ஆம் நிற அட்டையோடு போகலாம். சிறிய உருவத்தில் எந்த நிறமும் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், அட்டைக்குச் சரியாகப் பொருந்தினால் மாடலில் கறுத்துப்போகும். பத்தில் ஒரு பங்கு வெள்ளையோ வெளிர் சாம்பலோ சேருங்கள். ஆறு கிண்ணங்களில் முதலாவது இது. அடுத்த ஐந்துக்கும் சாம்பலோடு துளித்துளி மஞ்சளும் கூட்டிக்கொண்டே போங்கள். எழுத்தை ஒட்டிய பிறகு அதன்மேலும் லேசாக அழுக்கு ஏற்றுங்கள். பழைய வேகனில் புத்தம்புது எழுத்து வரலாம், அதற்குக் கீழே புதுக் காவிச் சதுரம் இருந்தால் மட்டும். கடைசியில் வெள்ளைப் பென்சிலைக் கூராக்கி, கதவுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று கிறுக்கல். யார்டு ஆட்கள் சாக்பீஸால் எழுதிப் போனவை அவை, ஸ்டென்சிலுக்குக் கட்டுப்படாதவை.

இன்னொரு வேண்டுகோள். டெல்லியிலும் தமிழ்நாட்டிலும் ரயில்வே குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கார்டாக, வேகன்களைப் பரிசோதிக்கும் டி.எக்ஸ்.ஆராக, பட்டறை ஃபோர்மேனாக இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் விதிநூலோ வேலைக் குறிப்பேடோ யார்டில் நண்பர்களோடு எடுத்த படமோ இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஸ்கேன் செய்து, படத்தின் பின்னால் ஆண்டையும் ஊரையும் எழுதி வையுங்கள்.